குறைசெறிவு அதிர்வலைச் சிகிச்சை

இரத்த ஓட்டக் குறைவால் வரும் விறைப்புக் குறைபாட்டுக்கு, உடலுக்கு வெளியிலிருந்து வலுக்குறைந்த அதிர்வலைகளைச் செலுத்தும் சிகிச்சை. அலைகளின் விசை திசுக்களில் புதிய நுண்குழாய்கள் வளரத் தூண்டுகிறது என்பது அடிப்படைக் கருத்து. இதற்கான சான்று பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளிலிருந்து வருகிறது.

வரலாறு: அதிர்வலையால் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை 1980-இல் மியூனிக்கில் தொடங்கியது. விறைப்புக் குறைபாட்டுக்கு வலுக்குறைந்த அதிர்வலையை இஸ்ரேலின் யோராம் வார்டி குழுவினர் 20 ஆண்களிடம் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர்.

செறிவு: அந்த ஆய்வில் ஆற்றல் அடர்த்தி சதுர மில்லிமீட்டருக்கு 0.09 மில்லிஜூல். ஆண்குறித் தண்டில் 3 இடங்கள், வேர்ப்பகுதியில் 2 இடங்கள். இடத்துக்கு 300 வீதம் ஓர் அமர்வில் 1,500 அதிர்வுகள். வாரம் இருமுறையாக 3 வாரம், பின்பு 3 வார ஓய்வு, மீண்டும் 3 வாரம் என மொத்தம் 12 அமர்வுகள். மயக்க மருந்து தேவைப்படவில்லை. பிற்கால ஆய்வுகள் வெவ்வேறு அளவுகளைக் கையாண்டதால் முடிவுகளை ஒப்பிடுவது கடினம். செறிவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதில்லை. எலிகளில் மிகைச் செறிவு விறைப்புத் திசுவைச் சேதப்படுத்தியது.

மதிப்பீடு: அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி இதை ஆய்வுநிலைச் சிகிச்சையாகவே வைத்தது. சில சிகிச்சை நிலையங்களில் உள்ள ஆரவகை (ரேடியல்) கருவிகள் தருவது மேலோட்டமான அழுத்த அலை. அதற்கு மேற்கண்ட அளவுகள் பொருந்தா. விறைப்புக் குறைபாடு இதய நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிப்பது அவசியம்.