உள்ளே பொறித்த எண்

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பம்மலில் இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஒரு சகோதரி, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கைக்கடிகாரம் ஒன்றை என்னிடம் நீட்டினார். எச்.எம்.டி. ஜனதா. தோல் பதனிடும் ஆலையில் உழைத்து ஓய்ந்த அவருடைய தந்தையின் கடிகாரம். கீழே விழுந்து நின்றுவிட்டது. தந்தையின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குள் அது ஓடவேண்டும் என்பது மகளின் விருப்பம். மூன்று கடைகளில் பாகம் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்களாம். "புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்களேன், அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

சாலையோரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமர்ந்து பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். கண்ணில் லென்ஸைப் பொருத்தி நெடுநேரம் பார்த்தார். "பேலன்ஸ் ஸ்டாஃப் ஒடிஞ்சிருக்கு ஃபாதர். செத்த கடிகாரம் ஒண்ணு கிடைச்சா இது பிழைச்சுக்கும்" என்றார். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் அச்சு அது. அதன் முனை ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனே இருக்கும். அந்த முனையில் நின்றுதான் இத்தகைய கடிகாரங்களின் சக்கரம் மணிக்கு 18,000 முறை, நாளொன்றுக்கு 4,32,000 முறை ஊசலாடுகிறது.

கடிகாரத்தைப் பழுதுபார்க்கும் கலைக்கும் திருஅவைக்கும் பழைய உறவு உண்டு. இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி 1601இல் பீக்கிங் அரண்மனைக்கு அளித்த காணிக்கைகளுள் கடிகாரங்களும் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து ஓடவைக்கும் தேவையும் அத்துறவியர் அந்நகரில் தங்குவதற்குத் துணைநின்றது என்பது வரலாறு. ஆனால் அக்காலக் கடிகாரம் ஒவ்வொன்றும் கையால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஒரே அளவில் ஆயிரமாயிரமாகப் பாகங்களைச் செய்யும் முறையை, 1850களில் அமெரிக்காவின் வால்தம் நகரத்துக் கடிகாரத் தொழிலகம் வளர்த்தெடுத்தது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அதைக் கண்ட சுவிட்சர்லாந்துக்காரர்கள் திகைத்தார்கள். பின்னர் தாங்களும் அவ்வழியைப் பின்பற்றினார்கள். இறந்த கடிகாரம் மற்றொன்றுக்கு உயிரளிக்க இயன்றது இந்த மாற்றத்தினால்தான்.

நம் நாட்டுக்குச் சுவிஸ் கடிகாரங்கள் பம்பாய் வழியாக வந்தன. ஃபேவர் லூபா நிறுவனத்தார் 1865இல் அங்கு வந்தனர். வெஸ்ட் எண்ட் நிறுவனம் 1886இல் தோன்றியது. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது, கடத்தல் பெருகியது. 1953இல் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கப்பெற்ற எச்.எம்.டி., 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது. கோடிக்கணக்கான கைகளை அதன் கடிகாரங்கள் அலங்கரித்தன. பார்வையற்றோர் தொட்டு நேரமறியும் கடிகாரத்தையும் அது செய்தளித்தது. திருமணத்துக்கு மாமனார் வீட்டுச் சீர், தேர்வில் வென்ற மகனுக்குப் பரிசு, ஓய்வுபெறுவோர்க்கு நினைவுப்பொருள் என அது குடும்ப வரலாற்றின் பகுதியாயிற்று.

1969ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்றே டோக்கியோவில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. சாவி கொடுக்கும் காலம் மெல்ல மங்கியது. 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தொழிற்சாலையிலிருந்து புதிய பாகம் வரும் வழி அத்துடன் அடைபட்டது.

இன்று எஞ்சியுள்ளவை மூன்று வழிகளே. பழைய கடைகளில் தேங்கிய சரக்கு. கடைசல் இயந்திரத்தில் புதிதாகக் கடைந்தெடுப்பது. ஓடாத மற்றொரு கடிகாரத்தைப் பிரிப்பது. எதைத் தேடினாலும், முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து வாங்கக்கூடாது என்று பெரியவர் எச்சரித்தார். ஒரே பெயரில் பலவகை இயந்திரங்கள் உண்டு. வேறு வேறு பெயர்களில் ஒரே இயந்திரமும் உண்டு. பின்மூடியைத் திறந்து, உள்ளே பொறித்த எண்ணையே பார்க்கவேண்டும். முகப்புக்குப் புதுச்சாயம் பூசி, பல கடிகாரங்களின் துண்டுகளைக் கோத்து, பழமைப் பொருள் என விற்பவர்களும் இருக்கிறார்களாம். வெளித்தோற்றத்தைக் கண்டு மனிதரை எடைபோடும் நமக்கும் இது ஒரு பாடமன்றோ!

பாரிமுனைச் சந்து ஒன்றில், நான்காம் முறை அலைந்தபோது, துருப்பிடித்த ஜனதா ஒன்று கிடைத்தது. எண் ஒத்திருந்தது. பெரியவர் அதன் சக்கரத்தை அச்சோடு எடுத்துப் பொருத்தினார். நின்ற கடிகாரம் ஓடிற்று. சகோதரி அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு தயங்கி, "இது இப்பவும் அப்பா கடிகாரம்தானே, ஃபாதர்?" என்றார். "ஆம், அம்மா. ஆனால் இனி அப்பாவுடையது மட்டுமன்று" என்றேன்.

பிரிக்கப்பட்ட கடிகாரத்தின் பின்மூடியை அவரிடம் காட்டினேன். பணி ஓய்வுபெற்ற யாரோ ஒருவருக்கு அளித்த பரிசு என்பதற்கு அடையாளமாக இரண்டு முதலெழுத்துகளும் ஓர் ஆண்டும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. நிலத்தில் மடியும் கோதுமை மணியை நினைத்துக்கொண்டேன். புனிதர்களின் சமூக உறவை நம்புகிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். நமக்குள் துடிப்பவற்றுள் எத்தனை, பெயர் தெரியாத மனிதர் நமக்கு விட்டுச்சென்றவை!

நினைவுத் திருப்பலியன்று கருத்துக்களை எழுதும் சீட்டை அச்சகோதரி கொண்டுவந்தார். தந்தையின் பெயருக்குக் கீழே, அந்த இரண்டு எழுத்துகளையும் அவர் எழுதியிருந்தார்.