திருமலைத் துறையும் கொக்கெய்னும்: மருந்து அலமாரியிலிருந்து நீதிமன்றம் வரை

உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களைப் பேசும்போது திருமலை எனப்படும் திருகோணமலையைத் தவிர்க்க முடியாது. ஆனால் இலங்கையில் அண்மைக் காலத்தில் பிடிபட்ட பெரும் கொக்கெய்ன் பொதிகள் கொழும்பு வழியாகவே வந்தன. இந்தத் தூள் நாடுவது ஆழமான துறையை அல்ல, கொள்கலனை. திருமலைத் துறைமுகத்தின் சீனன்குடாப் பக்கம் இறங்குபவை கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எண்ணெய் போன்ற மொத்தச் சரக்குகள். ஆகவே திருமலைக்குக் கொக்கெய்ன் எழுப்பும் கேள்வி கடத்தலை விட உடல்நலத்தையே சார்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் கேள்வி ஏன் இத்தனை காலம் கேட்கப்படவில்லை என்பதற்கு வரலாற்றில் விடை உண்டு.

1860இல் அல்பர்ட் நீமன் கோக்கா இலையிலிருந்து கொக்கெய்ன் எனும் அல்கலொயிட்டைப் பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னாவின் கார்ல் கொல்லர், சில துளிகள் விட்டால் கண்ணை வலியின்றி அறுவை செய்யலாம் என்று காட்டினார். இலங்கையில் அப்போது கோப்பித் தோட்டங்கள் இலைத்துரு நோயால் அழிந்துகொண்டிருந்தன. துரைமார் மாற்றுப் பயிர் தேடிய அந்த ஆண்டுகளில் பேராதனைத் தாவரவியல் தோட்டம் கோக்காவையும் வளர்த்துப் பார்த்தது. இலை சிறிதளவு ஏற்றுமதியும் ஆனது. தேயிலை முந்திக்கொண்டது. கோக்காவின் பெருந்தோட்டங்கள் டச்சு ஜாவாவில் அமைந்தன. இல்லாவிட்டால் மலையகத்தின் கதை வேறாகியிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய இந்தியாவில் கொக்கெய்ன் வெற்றிலைக்குள் நுழைந்தது. பம்பாய், கல்கத்தா, ரங்கூன் துறைமுகங்களில் கப்பல் பணியாட்கள் ஐரோப்பியப் பொதிகளையும் பின்னர் ஜப்பானியப் பொதிகளையும் இறக்கினார்கள். சுண்ணாம்பின் காரத்தால் கொக்கெய்ன் வாய்ச் சவ்வு வழியே எளிதில் இரத்தத்தில் கலக்கும். அந்தீஸ் மலைவாசிகள் கோக்கா இலையோடு சுண்ணாம்போ சாம்பலோ சேர்த்து மெல்வதும் இதனால்தான். நம் வெற்றிலைத் தட்டம் அந்த வேதியியலை ஏற்கெனவே ஆயத்தமாக வைத்திருந்தது.

அடுத்து வந்தது சட்டத்தின் காலம். 1912இன் ஹேக் உடன்படிக்கை அபினோடு கொக்கெய்னையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1925இன் ஜெனீவா உடன்படிக்கை கோக்கா இலையையும் சேர்த்தது. இலங்கையின் நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் பிறந்தது. ஹெரோயின் பரவிய எண்பதுகளில், 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் அதைக் கடுமையாக்கியது: இரண்டு கிராமோ அதற்கு மேலோ கொக்கெய்ன் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. 1976க்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எழுத்தில் தண்டனை இருக்கிறது; ஆயினும் பொதிகள் வருவது நிற்கவில்லை. 2016 டிசம்பரில் எக்குவடோரிலிருந்து இந்தியாவுக்குச் செல்லவிருந்த மரக் கொள்கலனில் கொழும்பில் சிக்கியது 928 கிலோ. அதை 2018 ஜனவரியில் பகிரங்கமாக அழித்தார்கள். இடையில் 2017இல் இரத்மலானையில் அரச விற்பனை நிறுவனமான சதொசவுக்கு வந்த சீனிக் கொள்கலனில் 218 கிலோ.

செய்திகள் கிலோவில் பேசுகின்றன, சட்டம் கிராமில் பேசுகிறது. உடலுக்குச் சில பத்து மில்லிகிராமே போதும். கொக்கெய்ன் டோபமீன், நோரட்ரினலின் ஆகியவை நரம்பு முனைக்குத் திரும்புவதைத் தடுக்கிறது. துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும் அதே வேளையில் இதயத்தின் முடியுரு நாடிகள் சுருங்குகின்றன. கூடுதல் ஒட்சிசன் கேட்கும் தசைக்குக் குறைந்த இரத்தமே போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஆய்வொன்று, பாவித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்காகிறது என்று கண்டது. பக்கவாதம், வலிப்பு, மூக்குத் தடுப்புச் சுவரில் துளை, தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும் மனப்பிறழ்வு ஆகியவையும் நேரலாம். மதுவும் சேர்ந்தால் ஈரலில் கொக்காஎதிலீன் உருவாகிறது. அது நீண்ட நேரம் தங்கி இதயத்தை வாட்டும்.

திருமலை இங்கேதான் வருகிறது. கொக்கெய்ன் உடற்சூட்டை ஏற்றும்; தோலின் நாளங்களைச் சுருக்கி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும்; தனக்குச் சூடேறுவதையே ஆள் உணராமல் செய்யும். நியூயோர்க் தரவுகளை ஆராய்ந்து 1998இல் வெளியான கட்டுரை, அதிகபட்ச வெப்பநிலை 31.1 பாகை செல்சியசைத் தொடும் நாட்களில் கொக்கெய்ன் மிகையளவு மரணங்கள் 33 சதவீதம் கூடுவதைக் காட்டியது. அங்கே அது கோடையின் உச்சம். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை அநேகமாக எல்லாப் பகலும் அதைத் தாண்டும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் நிரம்புவதும் அதே மாதங்களில்தான். இந்தக் கடற்கரையில் எவ்வளவு புழங்குகிறது என்பது என் வாதத்துக்கு அவசியமில்லை. ஒருவர் பாவித்தாலும் காலநிலை அவருக்கு எதிராகவே நிற்கும்.

நெஞ்சுவலியோடு வரும் இளைஞரிடம் வைத்தியர் முதலில் அறிய வேண்டியது அவர் என்ன எடுத்தார் என்பது. வழக்கமான பீட்டா தடுப்பு மருந்து கொக்கெய்ன் நோயாளியின் நாடிகளை மேலும் சுருக்கக்கூடும் என்ற அச்சம் நெடுங்காலமாக உண்டு. பென்சோடயசபின் கொடுத்து அமைதிப்படுத்துவதும் உடலைக் குளிர்விப்பதுமே முதற்சிகிச்சை. ஆயுள் சிறையை நினைத்து நடுங்குபவர் வைத்தியரிடம் அதைச் சொல்வாரா? 1984இன் திருத்தம் கடத்தல்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் நிழல் வைத்தியசாலைக் கட்டில் வரை நீள்கிறது.

2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழி திறந்தது. அதன் பின் பலரும் அறிந்த பெயர் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தகாடு புனர்வாழ்வு நிலையம். ஹெரோயினுக்கு மெதடோன் இருப்பதுபோல் கொக்கெய்ன் அடிமைத்தனத்துக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பலன் காட்டியிருப்பவை வாராவாரம் தொடரும் உளவியல் சிகிச்சைகள். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒருவர் பஸ் ஏறி வந்து, பெயர் வெளிவராமல் பேசிவிட்டு மாலையில் வீடு திரும்பக்கூடிய ஏற்பாட்டையே அவை கோருகின்றன.