யாழ்: உருவளவும் உறுப்புகளும்

பழந்தமிழரின் நரம்புக் கருவி. பழைய யாழ் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1920-களில் திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர், இலக்கியச் சான்றுகளையும் கணக்கையும் வைத்தே அதன் வடிவை மீட்டெழுதினார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது.

வகையைக் காட்டுவது நரம்பெண்ணிக்கை: பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஜப்பானியச் சாமிசெனிலோ நரம்பு எப்போதும் மூன்றுதான். அங்கே தண்டின் தடிமனே வகை சொல்லும்.

பத்தர் என்பது குழிந்த ஒலிக்கூடு, அதன்மேல் தோற்போர்வை. வளைந்தெழும் தண்டு கோடு அல்லது மருப்பு. அதில் நரம்பை இறுக்கும் வார்க்கட்டு திவவு.

வில்வடிவ யாழில் மெட்டு கிடையாது, நரம்புக்கொரு சுரம். மெட்டு வைத்த வீணையை யாழென்று காட்டும் படங்களை இந்த ஒன்றாலேயே தள்ளிவிடலாம்.