தண்டின் இரு முனைகள்: தாம்பத்தியத்தில் மறுப்பும் வழக்கும்

1

நாயன்மார் கதைகளைச் சாதி, வன்முறை, அரசு என்ற கோணங்களில் நாம் நிறையவே வாசித்தாயிற்று. படுக்கையறை என்ற கோணம் மட்டும் விட்டுப்போய்விட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே, ஒரே கூரையின் கீழ் இளமை முழுக்கத் தொடாமல் வாழ்ந்த ஒரு தம்பதி வருகிறார்கள். தில்லையில் மண்பாண்டம் வனையும் திருநீலகண்டரும் அவர் மனைவியும். மனைவிக்குச் சேக்கிழார் பெயர் தரவில்லை. கதையை நகர்த்துகிறவள் என்னவோ அவள்தான்.

கணவர் பரத்தையிடம் போய்வருகிறார். மனைவி வீட்டு வேலைகளையெல்லாம் வழக்கம்போலச் செய்கிறாள். உடலுறவுக்கு மட்டும் சம்மதிப்பதில்லை. நெருங்கியவரிடம், எம்மைத் தீண்டக்கூடாது என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிடுகிறாள். அவள் 'என்னை' என்று சொல்லவில்லை, 'எம்மை' என்று பன்மையில் சொன்னாள் என்பதைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பெண்ணையும் மனசாலும் தீண்டுவதில்லை என்று அவர் முடிவெடுக்கிறார். இருவருக்கும் வயசாகிவிடுகிறது. அயலார் யாருக்கும் விஷயம் தெரியாது.

இந்தப் பிரதியில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்ன சொல் இங்கே மதிக்கப்படுகிறது. அவளை யாரும் இழுத்துவரவில்லை, புத்தி சொல்லவில்லை. இரண்டு, அந்தச் சொல்லுக்குப் பிறகு அதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே நடந்ததாகப் பிரதியில் இல்லை. அவள் கோபத்தில் சொன்னது ஆணையாகிறது. அவர் அதை விரதமாக்குகிறார். ஆணையையும் விரதத்தையும் திரும்பப் பேச முடியாது, காக்கத்தான் முடியும்.

அகப்பொருள் மரபு இப்படி இறுக்கமானதல்ல. மருதத்தின் ஊடலில் மறுப்புக்கு இடம் இருந்தது. தோழி, பாணன், விறலி என்று வாயில்களும் இருந்தார்கள். ஆனால் அந்த வாயில்கள் பெரும்பாலும் தலைவனைத் திரும்ப உள்ளே விடுவதற்கானவை. உணவில் உப்புப் போல ஊடலும் அளவோடிருக்க வேண்டும் என்பது வள்ளுவர் கணக்கு. அளவை மீறி, 'இனி வேண்டாம்' என்பவளுக்கு அங்கே இலக்கணம் இல்லை.

மௌனம் எப்படி உடைகிறது என்பதுதான் கதையின் உச்சம். சிவயோகியாக வந்த இறைவன் கொடுத்துவைத்த ஓடு காணாமல் போகிறது. வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்கு வருகிறது. மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று தீர்ப்பு. அவர்கள் ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கையைத்தான் பிடிக்க வேண்டும் என்று யோகி வற்புறுத்தவும், பழைய கதை ஊரறியச் சொல்லப்படுகிறது. ஆக, அந்தரங்கம் ஒரு பொருள் வழக்கின் சாட்சியமாகத்தான் வாய் திறக்கிறது. எழும்போது இருவரும் இளமையோடு எழுகிறார்கள். வயசான இருவர் தாங்களாகவே பேசித் தீர்த்துக்கொள்வதைப் புராணத்தால் கற்பனை செய்ய முடியவில்லை போலும்.

2

பின்னால் வந்த சபைகளும் அதையே செய்தன. பதினொரு வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாய், வளர்ந்தபின் கணவர் தாதாஜியோடு வாழ மறுத்தார். 1884இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தாதாஜி வழக்குப் போட்டார். 1885இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார். மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல் நீதிபதி ஃபாரன், கணவனிடம் போ அல்லது ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்குப் போகத் தயார் என்றார் ருக்மாபாய். 1888இல் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு தாதாஜி விலகினார். ஓட்டு வழக்கைப் போலவே இதிலும் கடைசியில் ஒரு விலை இருந்தது. ருக்மாபாய் லண்டன் போய்ப் படித்து மருத்துவரானார்.

தாம்பத்திய உரிமை மீட்பு என்ற இந்த ஏற்பாடு இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்திலிருந்து இறக்குமதியானது. இங்கிலாந்து 1970இல் அதை ஒழித்தது. நாம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவாக வைத்துக்கொண்டோம். நடிகை சரிதா வழக்கில் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி பி.ஏ. சௌத்ரி, உடலின் மீதான முடிவை அரசிடம் ஒப்படைக்கிறது என்று சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தார். 1984இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை உயிர்ப்பித்தது.

2014இல் ஒரு சென்னைத் தம்பதியின் வழக்கில், போதிய காரணமில்லாமல் நெடுநாள் உறவை மறுப்பது மனரீதியான கொடுமை என்று உச்ச நீதிமன்றம் விவாகரத்தை உறுதிசெய்தது. ஒத்துவராத இருவர் பிரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'போதிய காரணம்' என்ற சொல்தான் உறுத்துகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாயச் சட்டத்திலும், பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வல்லுறவு கொள்வது வல்லுறவுக் குற்றமாகாது. அவளுடைய 'வேண்டாம்' அவளைக் காக்காது; ஆனால் அவளுக்கு எதிரான சாட்சியமாகும்.

மறுபக்கமும் உண்டு. 1906இல் காந்தி பிரம்மச்சரிய விரதம் பூண்டபோது, விரதம் எடுக்கும் நேரத்தில்தான் கஸ்தூர்பாவைக் கலந்தாலோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் ஆட்சேபிக்கவில்லையாம். கஸ்தூர்பாவின் தரப்பு நமக்கு அந்த ஒரு வரியாகத்தான் கிடைக்கிறது. ஆசை விடை கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

3

நான் இருக்கும் நந்தனத்துக்கு, நந்தன வருஷத்தை (1952-53) வைத்து ராஜாஜி பெயர் சூட்டினார் என்பார்கள். இந்திரனின் இன்பச் சோலைக்கும் இதே பெயர்தான். 1961இல் அமைந்த வீட்டு வசதி வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் இங்கேதான் இருந்தது. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அதில் மாமியார், வளர்ந்த பிள்ளைகள். இந்தச் சதுர அடிக் கணக்கில் வேண்டும் என்று சொல்லவும் இடமில்லை, வேண்டாம் என்று தள்ளிப் படுக்கவும் இடமில்லை.

எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டத்தில் திருநீலகண்டர் கதையைப் பேசினோம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னார்: "வேணாம்னா கோபம்னு நெனைக்கிறாரு. கோபமெல்லாம் இல்லக்கா, உடம்பு அசந்துபோச்சு." இளையவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு வேணும்கா. அவருதான் திரும்பிப் படுத்துக்கறாரு. இதை நான் யாருகிட்ட சொல்றது?"

முதலாமவருக்குச் சட்டம் கேட்கும் 'போதிய காரணம்' இல்லை. மாதவிடாய் நின்ற உடம்பும் நாள் முழுக்க உழைத்த களைப்பும்தான். இரண்டாமவருக்குப் புராணத்தில் இடமே இல்லை. சர்க்கரை நோயோ, மனச்சோர்வோ, அதற்குத் தின்னும் மாத்திரையோகூட அந்தக் கணவரின் முதுகுக்குக் காரணமாக இருக்கலாம். பேசினால்தானே தெரியும்.

மறுக்கும் உரிமை நிபந்தனையற்றது. அதில் பேரம் கிடையாது. ஆனால் உரிமையை அங்கீகரித்ததோடு நம் இயக்கங்கள் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டன. சுயமரியாதைத் திருமணம் தாம்பத்தியத்தை இரு சமமானவர்களின் ஒப்பந்தமாக்கியது. 1967இல் தமிழ்நாடு அதற்குச் சட்ட ஏற்பும் தந்தது. பெரிய காரியம்தான். அந்த ஒப்பந்தம் இருபது வருஷம் கழித்து, இரண்டு வேறு உடல்களாகிவிட்ட இருவருக்கிடையில் எப்படித் திரும்பப் பேசப்படும் என்பதை நாம் எழுதவில்லை. குற்றம் சாட்டாமல் 'வேண்டும்' என்பதற்கும், தண்டிக்காமல் 'வேண்டாம்' என்பதற்கும், தொடுவது எல்லாம் அங்கேதான் போய் முடிய வேண்டும் என்றில்லை என்பதற்கும் நம்மிடம் சொற்கள் குறைவு.

புராணம் அந்த மூங்கில் தண்டை ஏற்கவில்லை. யோகி அதை விடச் சொல்கிறார். எனக்கோ அந்த இருவரும் தாங்களே கண்டுபிடித்த ஒரே வழி அதுவாகத்தான் தெரிகிறது. ஆணையையும் மீறவில்லை, ஒருவரையொருவர் விடவும் இல்லை. குளக்கரையில் சபை கூடும்வரை காத்திராமல், வீட்டிலேயே, ஐந்தாம் வருஷமே அவர்கள் அதன் இரு முனைகளையும் பிடித்துப் பேசியிருக்கலாம்.