குண்டு விழுந்த எல்லை: கடலூரின் போர்க்காலம்

கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் உண்டு. பேருந்துப் பலகையில் அப்பெயரைப் பார்ப்போர் பெரும்பாலும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு குண்டு எதற்காக நிற்கிறது என்று கேட்டால் நாம் 1690ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில் கடலூரின் எல்லையை வகுத்தது நில அளவைச் சங்கிலி அன்று, ஒரு பீரங்கி.

செஞ்சிக் கோட்டை 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தபோது இக்கடற்கரையும் மராட்டியர் ஆட்சிக்குள் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து அவர் மகன் ராஜாராம் செஞ்சியில் இருக்க, முகலாயப் படை அவரை நெருங்கிக்கொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ துணி வாங்கவும் பண்டகசாலை வைக்கவும் சோழமண்டலக் கரையில் இன்னோர் இடம் வேண்டும். கெடில ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் நின்ற சிறு கோட்டை இவ்வாறு விலைக்கு வந்தது. அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரால் பின்னாளில் உலகறிந்தவர் அவரே. அவர் வேல்சு நாட்டு வழியினர். கோட்டைக்கு வேல்சு நாட்டின் காவல் புனிதர் பெயரிட்டுப் புனித டேவிட் கோட்டை என்றார்கள்.

விற்பனையின் நிபந்தனைதான் விந்தையானது. கோட்டையோடு, அதைச் சுற்றிப் பெரிய பீரங்கி ஒன்றின் குண்டு எட்டும் தொலைவு வரையுள்ள நிலமும் வாங்குவோரைச் சேரும் என்பது பேச்சு. குண்டு எவ்வளவு தொலைவு போகும் என்பது பீரங்கியையும் மருந்தையும் சுடுபவனையும் பொறுத்தது. கம்பெனியார் இதை நன்கு உணர்ந்திருந்தனர். நல்ல பீரங்கியாகத் தேர்ந்து, கைதேர்ந்த பீரங்கிக்காரனைக் கொண்டு சுடச் செய்தனர். திசைதோறும் குண்டுகள் பறந்தன. அவை விழுந்த இடங்களுக்கு உட்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனியின் உடைமையாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவற்றுக்கு அன்று வந்தது. கடலூர்ப் பட்டணமும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

அன்று காலை வரை ஒருவருக்கு வரி கட்டிவந்த உழவர், மாலையில் வேறொருவருக்குக் கட்ட வேண்டியவராயினர். அவர்களை எவரும் கேட்டதாகப் பதிவில்லை. வயலில் விழுந்த இரும்பைப் பார்த்து அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பெயர் நிலைத்தது. ஆவணம் எழுதாததை ஊர்ப்பெயர் எழுதிவைத்துக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம்.

அடுத்த அரை நூற்றாண்டு பெரும்பாலும் வணிகக் காலம். போர் 1746இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றவே, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு எஞ்சிய தலைமையிடம் புனித டேவிட் கோட்டைதான். 1752 வரை அது தலைமையிடமாகவே இருந்தது. வீழ்ந்த சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கு வந்து சேர்ந்தவர்களில் ராபர்ட் கிளைவ் என்னும் இளம் எழுத்தரும் ஒருவர். பேரேட்டை வைத்துவிட்டு வாளை எடுத்தது இக்கோட்டையில் இருந்தபோதுதான்.

இருபது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில் வடக்கே புதுச்சேரி. அங்கிருந்த ஆளுநர் டூப்ளே இக்கோட்டையைப் பிடிக்க மீண்டும் மீண்டும் முயன்றார். அம்முயற்சிகளின் செய்திகள் அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இடம்பெற்றிருக்கின்றன. ஐரோப்பியப் போரொன்றை அருகிருந்து ஒரு தமிழர் தமிழில் நாள்தோறும் குறித்துவைத்தார் என்பது நமக்குக் கிடைத்த பேறு. எதிர்த்தரப்பில், கடலூரின் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்து எழுதியிருந்தால் நம் வரலாறு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

1748 ஜனவரியில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்னும் தளபதி இங்கு வந்தார். சிதறிக் கிடந்த காவலர்களைக் கம்பெனிகளாகப் பிரித்து முறையான படையாக்கினார். சென்னைப் படை என்று பிற்காலத்தில் அறியப்பட்ட அமைப்பின் வித்து இது. அவரை இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் எழுதுவர். அவ்வாண்டு ஜூனில் பிரெஞ்சுப் படை கடலூரை நோக்கி வந்தது. லாரன்ஸ் பகலில் பட்டணத்திலிருந்து பீரங்கிகளையும் வீரர்களையும் கோட்டைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார். காப்பற்ற ஊர் என்று பகைவர் நம்பினர். இருள் கவிந்ததும் எல்லாவற்றையும் சத்தமின்றி மீண்டும் மதில்களுக்குக் கொண்டுவந்தார். ஏணிகளோடு வந்தவர்களைத் துப்பாக்கி வரவேற்றது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குத் திரும்பினர்.

அதன் பின் ஆங்கிலேயர் முறை. பொஸ்கவன் என்னும் கடற்படைத் தளபதி பெருங்கப்பல்களோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார். 1748 அக்டோபரில் ஐரோப்பாவில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பும் என்பது முடிவு. அதற்காகக் கப்பல்கள் இக்கரையிலேயே தங்கியிருந்தபோது, 1749 ஏப்ரலில் புயல் அடித்தது. நமூர் என்னும் போர்க்கப்பல் கோட்டைக்கு அருகே உடைந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். அமைதி வந்த பிறகும் இக்கரையில் மரணம் நிற்கவில்லை. இதே செய்தியை இன்னும் கொடிய வடிவில் பிறகு காண்போம்.

கிளைவ் 1756 ஜூனில் இக்கோட்டையின் ஆளுநராகவே திரும்பி வந்தார். அதே மாதத்தில் கல்கத்தா வீழ்ந்தது. அதை மீட்க அவர் வங்கம் செல்ல, 1757இல் பிளாசி நிகழ்ந்தது. அவர் விட்டுச்சென்ற கோட்டை அடுத்த ஆண்டே வீழ்ந்தது. 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்திறங்கிய லாலி, வந்த கையோடு கடலூர் மேல் படை நடத்தினார். வண்டிகளும் மாடுகளும் போதவில்லை. ஆகவே புதுச்சேரி மக்களைச் சாதி, நிலை எதுவும் பாராமல் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். ஜூன் 2ஆம் நாள் கோட்டை சரணடைந்தது. லாலி அதைத் தகர்த்தார்.

பழி திரும்பியது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அதன் அரண்கள் இடிக்கப்பட்டன. லாலியை அவருடைய நாட்டவரே விசாரித்து 1766இல் பாரிசில் தலை வெட்டினர். பிடித்த ஊரில் ஓர் அரணை நிலைக்கவிடாமல் இடிப்பதில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொண்டன.

இப்போது 1783க்கு வருவோம். கடலூரின் போர்க்கதையில் நம் மனத்தை மிகவும் உறுத்துவது இப்பகுதியே.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு இறங்கியதால் போர் இந்தியக் கடல்களுக்கும் பரவியிருந்தது. மைசூரின் ஹைதர் அலியோடு பிரெஞ்சுக்காரர் கூட்டுச் சேர்ந்தனர். 1782 ஏப்ரலில் கடலூர் அவர்கள் வசமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் மறைந்தார். திப்பு அரியணை ஏறினார். அடுத்த மார்ச்சில் முதுமையும் நோயும் கொண்ட புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இறங்கிப் படைத் தலைமையை ஏற்றார். கடலூரை மீட்கச் சென்னையிலிருந்து ஜேம்ஸ் ஸ்டூவர்ட் புறப்பட்டு ஜூன் தொடக்கத்தில் ஊருக்குத் தெற்கே பாசறை இட்டார்.

ஜூன் 13ஆம் நாள் பிரெஞ்சுப் புறக்காப்புகள் மேல் ஆங்கிலேயப் படை பாய்ந்தது. அப்படையில் ஆங்கிலேயர் மட்டுமல்லர். செருமனியின் ஹனோவரிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்களும், தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்களும் இருந்தனர். மாலைக்குள் அவர்கள் தரப்பில் செத்தோரும் காயமுற்றோருமாக ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. இரவில் புஸ்ஸி மதிலுக்குள் பின்வாங்கினார்.

ஜூன் 20ஆம் நாள் கடலில் போர். சுஃப்ரென் பதினைந்து கப்பல்களோடும், எட்வர்ட் ஹியூஸ் பதினெட்டுக் கப்பல்களோடும் கடலூருக்கு எதிரே மோதினர். ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு தரப்பிலும் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கடல்வழி உணவை நம்பியிருந்த ஸ்டூவர்ட்டின் படை தவித்தது. சுஃப்ரென் தம் மாலுமிகளைக் கரையிறக்கி ஊர்க் காவலை வலுப்படுத்தினார். ஜூன் 25 விடியலுக்கு முன் பிரெஞ்சுப் படை மதிலைத் தாண்டி வந்து தாக்கித் தோற்றது. மேலும் பலர் மடிந்தனர்.

ஜூன் இறுதியில் சென்னையிலிருந்து வெள்ளைக்கொடியோடு ஒரு கப்பல் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20ஆம் நாளே வெர்சாயில் பூர்வாங்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டன என்பது செய்தி. ஜூலைத் தொடக்கத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

செய்தி வரத் தாமதமானது என்று இதைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. உடன்படிக்கையை எழுதியவர்களுக்கே இத்தாமதம் தெரியும். போரில் பிடிபடும் கப்பல்கள் யாரைச் சேரும் என்னும் வழக்கைத் தீர்க்க அவர்கள் தவணைகள் வகுத்திருந்தனர். ஆங்கிலக் கால்வாய்க்குப் பன்னிரண்டு நாள். அட்லாண்டிக்கின் பகுதிகளுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம். உலகின் மற்றப் பகுதிகளுக்கெல்லாம் ஐந்து மாதம். கடலூர் அந்த மற்றப் பகுதிகளுள் அடங்கியது. தவணை கப்பல்களுக்காக எழுதப்பட்டது; ஆனால் அது அளந்தது மனிதர் இன்னும் கொன்றுகொண்டிருக்கக்கூடிய காலத்தை. அப்படிப் பார்த்தால் ஜூன் 13இல் புறக்காப்பில் விழுந்தவன் எந்த விதியையும் மீறிக் கொல்லப்படவில்லை. அவன் சாவு ஒப்பந்தத்தின் கணக்குக்குள் வருகிறது.

1690இல் பீரங்கிக் குண்டின் தொலைவு, எவர் நிலம் எவரைச் சேரும் என்று முடிவு செய்தது. 1783இல் கப்பல் பயணத்தின் தொலைவு, எவர் உயிர் எதுவரை செலவிடத்தக்கது என்று முடிவு செய்தது. இரு அளவைகளும் இந்த ஊரின்மேல் போடப்பட்டவை. ஆனால் ஊரில் செய்யப்பட்டவை அல்ல. கடலூரின் போர் வரலாற்றை இந்த இரண்டு அளவைகளைக் கொண்டு சுருக்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

உடன்படிக்கையால் திப்புவுக்கு நேர்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அவரைக் கலக்காமலே நட்புப் படை போரிலிருந்து விலகிக்கொண்டது. அவர் தனித்துப் போரைத் தொடர்ந்து 1784 மார்ச்சில் மங்களூரில் சமாதானம் செய்துகொண்டார். கடலூர் 1785இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. அதன் பின் இங்கே முற்றுகை இல்லை.

இப்போரைப் பற்றிப் பெரிதும் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. ஜூன் 25 தாக்குதலில் காயமுற்றுப் பிடிபட்ட பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் பின்னாளில் சுவீடன் மன்னனான பெர்னதோத் என்பது அக்கதை. அவருடைய படைப்பணிப் பதிவுகளோடு இது பொருந்தவில்லை என்று வரலாற்றாசிரியர் மறுப்பர். ஆனாலும் கதை வாழ்கிறது. நூற்றுக்கணக்கானோர் காயமுற்ற களத்தில் ஒரு வருங்கால மன்னனைத் தேடிய கண்கள், பக்கத்தில் கிடந்த சிப்பாயின் பெயரைத் தேடவில்லை.

போர் விட்டுச்சென்ற இன்னொன்று, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே நிலைத்த எல்லை. அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் பாரதி 1908 முதல் பத்தாண்டு அடைக்கலம் பெற்றிருந்தார். 1918 நவம்பரில் அதைத் தாண்டிப் பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். இரு வல்லரசுகள் தம் பகைக்காகக் கிழித்த கோடு, ஒரு தமிழ்க் கவிக்குப் பத்தாண்டு காப்பாகவும் சில வாரச் சிறையாகவும் அமைந்தது. புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்ததையும், ஜெயகாந்தன் 1934இல் கடலூரில் பிறந்ததையும் இலக்கிய வாசகர்கள் அறிவர். இன்று ஊரின் பெயரைச் சொன்னால் தளபதிகளைவிட இவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். இது நல்ல மாற்றமே.

புனித டேவிட் கோட்டையில் இன்று காண்பதற்கு அதிகமில்லை. ஆற்றோரம் சில இடிபாடுகள் உள்ளன. தேவனாம்பட்டினத்து மீனவர் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்தனர். 2011 டிசம்பரில் தானே புயல் இக்கரையைப் புரட்டிப் போட்டது. அங்கு வாழ்பவர்களுக்குக் கோட்டை எப்போது வீழ்ந்தது என்பதைவிடக் கடல் எப்போது ஏறியது என்பதே நினைவில் நிற்கும் காலக்கணக்கு.

ஆயினும் குண்டு உப்பலவாடி என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. சுட்டவர்களின் கோட்டை போயிற்று, கம்பெனி போயிற்று, பேரரசும் போயிற்று. குண்டை வாங்கிக்கொண்ட ஊர் அதைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறது.