தளத்தின் அடியில் தளம்

தில்லியில் குடியேறிய நம்மவர் பலருக்கு முதலில் வாய்த்த தரை நாம் பாவிய தரையன்று. அரசாங்கக் குடியிருப்பிலோ, கரோல் பாக் மாடி அறையிலோ, முன்பு எவரோ இட்டுச் சென்ற சிமெண்டுத் தரையின் மேலும் மொசைக் தரையின் மேலும் பாய் விரித்து வாழத் தொடங்கினோம். சொந்த வீடு வாய்த்த பின்னர், அப்பழைய தரையை மறைத்துப் புதிய ஓடு பாவ வேண்டும் என்னும் ஆவல் எழுகிறது. கொத்தனாருக்குக் காத்திராமல் தாமே அவ்வேலையில் இறங்குவோரும் நம்மிடையே உண்டு. உடைப்பதோ புழுதி மிகுந்த வேலை. ஆதலின் பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இவ்வூரின் பெருமைமிக்க கட்டடம் ஒன்றிலேயே அவ்வாறு செய்து, பிறகு பெரும்பாடுபட்டு அதனை நீக்க நேர்ந்த வரலாறு உண்டு.

பழைய கோட்டையில் உள்ள ஷேர் மண்டலத்தின் படிகளில் இடறி விழுந்து 1556-இல் உயிர் நீத்தார் ஹுமாயூன் பாதுஷா. கால் வைக்கும் இடம் எத்துணை முக்கியமானது என்பதற்கு இதனினும் கடுமையான சான்று வேண்டுவதில்லை! அவருக்காக 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட கல்லறை மாளிகை அகன்றதொரு மேடையின் மீது நிற்கிறது. அம்மேடைக்குப் பெருங்கற்களைப் பாவியிருந்தனர். மாடித் தளத்தையோ சுண்ணாம்புக் காரையால் வாட்டம் பிடித்து அமைத்திருந்தனர். மழைநீர் தேங்காமல் வழிந்தோட வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்.

20-ஆம் நூற்றாண்டில், பழுது பார்ப்பதாகக் கருதி, இவற்றின் மேல் சிமெண்டுக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள். ஒழுக்கு நிற்கவில்லை எனில் இன்னும் ஓர் அடுக்கு. அதுவும் வெடித்தால் மற்றும் ஓர் அடுக்கு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெல்ல வெளிவிடும். சிமெண்டு அவ்வாறு எளிதில் விடாது. உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றிக் கட்டடத்தையே அரிக்கத் தொடங்கியது. பின்னர் தொல்பொருள் ஆய்வுத் துறையின் ஒப்புதலுடன் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை மேற்கொண்ட பணியில், மாடியிலிருந்து மட்டும் 10 லட்சம் கிலோவுக்கு மேற்பட்ட கான்கிரீட்டு கைக்கருவிகளால் பெயர்த்து இறக்கப்பட்டது. மேடையிலும் மேற்பூச்சை நீக்கியபோது அடியில் பழைய கல் தளம் வெளிப்பட்டது. தாழ்ந்திருந்த கற்களைத் தூக்கி நிறுத்தி, பழைய மட்டத்தையும் வாட்டத்தையும் மீட்டனர். 2013-இல் பணி நிறைவெய்தியது. அங்குச் செல்லும் நம்மவர் குவிமாடத்தையே அண்ணாந்து நோக்குகின்றனர். ஒரு கணம் குனிந்தும் பார்க்கலாம்.

நம் நாட்டுத் தளக்கலைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் நல்ல எடுத்துக்காட்டு. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை அதன் அறைகளில் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊற வைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் படிந்துவிடுகிறது. இத்தகைய கல் சிமெண்டுக் கலவையைத் தானே பற்றிக்கொள்ளும். இக்காலத்து விட்ரிஃபைடு ஓடுகளின் இயல்பு வேறு. அவை தம் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். ஆதலின் வெறும் சிமெண்டுப் பால் அவற்றை நம்பகமாகப் பற்றாது. அவற்றுக்கென விற்கப்படும் ஒட்டுக்கலவையே வேண்டும். தாமே வேலை செய்வோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்தில்தான்.

பழைய தரை மீது பாவவே கூடாது என்பது நம் கருத்தன்று. முதலில் தரை முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் ஒலி எழும் இடம் அடியில் பிடிப்பற்ற இடம். அதனைப் பெயர்த்தே தீர வேண்டும். மாடி வீடாயின் கூடுதல் பாரத்தைத் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். கதவு திறக்குமா என்பதைப் பாவிய பின்னரே எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்! சுவர்கள் நேராக இருப்பதாக நம்பாமல், அறையின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்து, கலவையின்றி ஒருமுறை ஓடுகளைப் பரப்பிப் பார்த்தால் ஓரத் துண்டுகளின் அளவு தெரிந்துவிடும். தில்லியின் கோடை 45 பாகையைத் தாண்டுவதுண்டு. குளிர்காலத்து இரவோ 5 பாகைக்கும் கீழே இறங்கும். ஓடுகளை இடைவெளியின்றி நெருக்கி வைத்தால் அவை விரிய இடமின்றி மேலெழும்பிவிடும். ஆதலின் ஓடுகளுக்கிடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் சந்தும், சுவரோரம் அதனினும் சற்று அகன்ற சந்தும் விடுதல் வேண்டும்.

குளியலறையில் மட்டம் பார்ப்பதைவிட வாட்டம் பார்ப்பதே முதன்மை. 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1 சென்டிமீட்டரேனும் நீர்த்தாரை நோக்கிச் சரிய வேண்டும். வாசலில் நாள்தோறும் கோலமிடும் வழக்கமுள்ள இல்லத்தார் அங்கே மட்டும் பளபளப்பான ஓட்டைத் தவிர்த்துச் சொரசொரப்பானதைத் தேர்ந்துகொள்க. வழுக்கும் பரப்பில் மாவு நில்லாது, ஈரக் காலும் நில்லாது.