கூத்துக்கு இலக்கணம் கண்ட பேராசிரியர்

கூத்தாடி என்ற சொல்லையே வசையாக வழங்கிய காலம் அது. அக்காலத்திலே கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நாடகம் எழுதினார். எழுதியதோடு அமையாது, நாடகத்துக்கு இலக்கணமும் வகுத்தார்.

செருமனியிலே லெஸ்ஸிங் 1767-இல் ஹாம்பர்க் நாடக மன்றத்தில் அமர்ந்து, மேடையேறிய நாடகங்களை ஆய்ந்து எழுதினார். மன்றம் விரைவில் மூடப்பட்டது, எழுத்து நின்றது. நாடகத்தை அறிவால் அளப்பது அங்கே தனித்தொழிலாயிற்று. இங்கோ அப்பணியைத் தம் தோளில் ஏற்றவர் பரிதிமாற் கலைஞர். விளாச்சேரியில் 1870-இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி அவர். வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர்.

'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிசயம்' ஆகியவை அவர் நாடகங்கள். 'நாடகவியல்' 1897-இல் வெளிவந்தது. எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களிலே அச்சின்றிப் பொம்மை பிறப்பதில்லை. நாடகத்துக்கு அவ்வச்சை அவர் வார்த்தார். அரசர் கதைகளே அவர் மேடையை நிறைத்தன என்பது நமக்கு மனக்குறைதான்!

1902-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை அகற்ற முயற்சி எழுந்தது. பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து வாதாடித் தடுத்தார். தமிழே போயிருந்தால் 'நாடகவியலை' யார் படிப்பது?

அடுத்த ஆண்டே, 33 வயதில் மறைந்தார். தஞ்சையில் 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் எழுந்த பின்னரே, அங்கு நாடகத்துக்குத் தனித்துறை வாய்த்தது.